வளர்ந்துகொண்டே போன கரை

மலையடிவாரக் குளத்தில் ஒரு விரால் மீன் இருந்தாள். கரையில் ஒரு முயல் இருந்தாள். இருவரும் பிள்ளைக்காரிகள். ஒருத்தியை ஒருத்தி மதினி என்றுதான் கூப்பிடுவார்கள்.

முயலுக்கும் மீனுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன். முயல் தண்ணீர் குடிக்கிற இடத்தில் ஒரு மருதமரம் குளத்துக்குள் சாய்ந்து கிடந்தது. காட்டுப்பூனை அந்த மரத்தின் மேல் பதுங்கிப் பதுங்கி வரும். குனிந்து குடிக்கிற முயலுக்கு அது தெரியாது. தண்ணீருக்குள் இருந்து அண்ணாந்து பார்க்கிற விராலுக்குத் தெரியும். உடனே வாலால் ஓங்கி ஓர் அடி அடிப்பாள். முயல் எடுப்பாள் ஓட்டம். அதேபோல, கொக்கு மீன்குஞ்சுகளைத் தேடி வந்தால் முயல் பின்னங்காலால் தரையைத் தட்டுவாள். அந்த அதிர்வு தண்ணீருக்குள் போகும். விரால் தன் சிவப்புக் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்விடுவாள். இப்படி மூன்று நான்கு கோடை ஒருத்தியால் ஒருத்தி பிழைத்தார்கள்.

அந்தக் குளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தெற்கே இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு சந்து. அதுதான் மடைவாய். அது திறந்து கிடந்தால் குளத்துத் தண்ணீர் அத்தனையும் பள்ளத்துக்கு ஓடிவிடும். அதனால் வருஷா வருஷம் முதல் மழை விழுந்ததும் எல்லா மிருகங்களும் அங்கே கூடும். காட்டுப்பன்றிகள் களிமண்ணைக் கிளறிக் கொடுக்கும். முயல்கள் அறுகம்புல் வேரைக் கடித்துக் கொண்டுவந்து போடும். காட்டெருமைகள் அதன்மேல் ஏறி நாள் முழுக்க மிதிக்கும். அந்தக் கனத்துக்குக் களிமண் கல்லாக இறுகிவிடும். இதற்கு மடைமிதி என்று பெயர். மடைமிதியில் காலில் சேறு பட்டவர்களுக்குத்தான் கூட்டத்தில் பேச்சு. மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது.

நல்ல வழக்கம்தான். ஆனால் காலே இல்லாதவள் என்ன செய்வாள் என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தத் தண்ணீரிலேயே பிறந்து அதிலேயே சாகிற விரால், அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது.

கிழக்குக் கரையில் மெத்தென்று புல் வளர்ந்திருக்கும். முன்பெல்லாம் அதை முறை வைத்து மேய்ந்தார்கள். ஒரு நாள் காட்டெருமைக்கு, ஒரு நாள் மானுக்கு, ஒரு நாள் முயலுக்கு. பிறகு காட்டெருமைக் கூட்டம் பெருத்தது. அதன் தலைவரை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். அண்ணாச்சி ஒரு நாள் தன் முறைக்கு வந்து அந்தப் புல்லில் படுத்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான், முறை போயிற்று. மான்களும் முயல்களும் மேற்கே சரளைக்கல்லுக்கு நடுவே முளைத்ததைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அந்தக் கோடையில் முயல் நாலு குட்டி போட்டாள். பால் ஊறவில்லை. மூன்றாம் நாள் ஒரு குட்டி கண் திறக்காமலே போய்விட்டது. அதைப் புதருக்கடியில் வைத்துவிட்டு முயல் நேரே கூட்டத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, பழைய முறை திரும்ப வரணும். கிழக்குக் கரையைப் பங்கு வைங்க. மூணு நாளைக்கு ஒரு நாள் எங்களுக்கு விடுங்க. எம்பிள்ளைக பால் இல்லாம சாவுது" என்றாள்.

கூட்டம் சலசலத்தது. மான்கள் ஆமாம் என்று தலையாட்டின. அண்ணாச்சி அசைபோடுவதை நிறுத்தினார். முட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. அப்போது அவர் முதுகில் இருந்து கொக்கு இறங்கியது.

இந்தக் கொக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காட்டெருமை நடந்தால் புல்லுக்குள் இருக்கும் பூச்சி பறக்கும். பூச்சி பறந்தால் கொக்குக்குச் சாப்பாடு. அதனால் அண்ணாச்சி போகிற இடமெல்லாம் அதுவும் போகும். கரையை அளக்கிற வேலையும் அதற்குத்தான். பனைமரத்தில் இருந்து தண்ணீர் விளிம்பு வரை எட்டு வைத்து அளந்து சொல்லும். வெள்ளை உடுப்பு, நீளக் கால், நிதானமான பேச்சு. ஆள் படித்தவர்தான் என்று எல்லாருக்கும் மரியாதை. மடைமிதிக்கு அது வந்ததே கிடையாது. ஆனால் மீன் பிடிக்கப் போய் அதன் காலில் எப்போதும் சேறு ஒட்டியிருக்கும். அது எந்தச் சேறு என்று யாரும் கேட்கவில்லை.

"முயலம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்றது கொக்கு. "ஆனா ஒருத்தர்கிட்ட இருக்கிறதைப் பிடுங்கி இன்னொருத்தருக்குக் குடுத்தா சண்டைதான் மிஞ்சும். நான் அளந்து பார்த்துட்டேன். சித்திரை பிறக்கும்போது பனையில இருந்து தண்ணி வரைக்கும் நாப்பது எட்டு. இன்னைக்கு அம்பது எட்டு. நம்ம கரை பத்து எட்டு வளந்திருக்கு. அந்தப் புது நிலத்தை நீங்க எடுத்துக்கோங்க. இனிமே வளரப்போறதையும் நீங்களே எடுத்துக்கோங்க. அண்ணாச்சியோடது அண்ணாச்சிக்கு இருந்துட்டுப் போகட்டும். யாருக்கும் நஷ்டமில்லை பாருங்க."

கூட்டத்தின் ஓரத்தில் முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. "கரை வளந்துச்சா, இல்ல தண்ணி வத்துச்சா?" என்று கேட்டது.

"என்னைக் கரையை அளக்கத்தான் சொல்லியிருக்காங்க. தண்ணியை அளக்கச் சொல்லலையே" என்றது கொக்கு.

எல்லாரும் சிரித்தார்கள். முள்ளம்பன்றியும் சிரித்துவிட்டது. அண்ணாச்சி மறுபடி அசைபோட ஆரம்பித்தார்.

கொக்கு சொன்னது பொய்யில்லை. தண்ணீர் விலகிய ஈரச் சேற்றில் ஐந்தாம் நாளே புல் முளைத்தது. பிஞ்சுப் புல். கடித்தால் வாயெல்லாம் சாறு. முயலுக்குப் பால் சுரந்தது. மூன்று குட்டிகளும் வயிறு புடைக்கக் குடித்துவிட்டுத் தூங்கின. அன்று சாயங்காலம் முயல் மருதமரத்தடிக்கு வந்து, "மதினி, கரை வளருதாம். எங்க கஷ்டம் விடிஞ்சிருச்சு" என்றாள். விராலும் சந்தோஷப்பட்டாள். குட்டிகளுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டாள்.

பத்து எட்டுப் புல் எத்தனை நாளைக்குக் காணும்? பதினைந்தே நாளில் மான்களும் முயல்களும் அதை மொட்டையாக்கிவிட்டார்கள். முயல் மறுபடி கூட்டத்துக்கு வந்தாள். மறுபடி, "கிழக்குக் கரையைப் பங்கு வைங்க" என்றாள்.

கொக்கு தலையைச் சாய்த்து யோசிப்பதுபோல நின்றது. "கரை தானா வளரணும்னு காத்திருந்தா எப்படி? நாமதான் வளக்கணும். மடைவாயில கொஞ்சமே கொஞ்சம் மண்ணை எடுத்தாப் போதும். தினமும் ஒரு எட்டு வளரும். தினமும் புதுப் புல்லு. உங்களுக்கு அழகா மண்ணுப் பறிக்கத் தெரியும். நீங்களே பண்ணலாமே" என்றது.

பாருங்கள் அநியாயத்தை. வேர் சுமந்து வந்து அந்த மடையை அடைத்தவள் முயல். அதைப் பறிக்கிற வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். 

"மடையைத் தொட்டா தண்ணிக்குள்ள இருக்கிறவங்க என்ன ஆவாங்க? விரால் குஞ்சு வச்சிருக்கா" என்றாள் முயல்.

"விரால் மடைமிதிக்கு வந்தாளா? ஒரு பிடி மண்ணு மிதிச்சாளா?" என்று கொக்கு கேட்டது.

இல்லை என்றார்கள். "அப்ப அவங்க பேச்சு இங்க எதுக்கு" என்றது கொக்கு. மடையைப் பறிக்கலாம் என்று கூட்டம் முடிவு செய்தது.

மறுநாள் காலையில் முயல் மடைவாயில் மண்ணைப் பறித்தாள். ஓர் ஓரமாகத்தான், தன் காது அகலத்துக்குத்தான். தண்ணீர் கசிந்து, பிறகு நூலாக ஒழுகியது. அன்று முதல் கொக்குக்கு வேலை அதிகம். காலையில் பனைமரத்தடியில் நின்று, "இன்னைக்கு அம்பத்தொண்ணு!" என்று கூவும். மறுநாள் ஐம்பத்திரண்டு. மான்கள் துள்ளும். ஒருவரை ஒருவர் பார்க்கும்போது சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டு, இன்றைக்கு எத்தனை எட்டு என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பத்து நாள் கழித்து விரால் முயலைக் கூப்பிட்டாள். மருதமரத்தின் கிளைகள் பாதி வெளியே தெரிந்தன.

"மதினி, நீ திங்கிற புல்லு எங்க இருந்து வருதுன்னு உனக்குத் தெரியுமா? நேத்து நான் நீந்தின இடத்துல இன்னைக்கு நீ மேயுற. எம்பிள்ளைகளுக்கு ஒளிய ஆழமில்லை. நேத்து மட்டும் கொக்கு முப்பதைத் தின்னுட்டுப் போயிருச்சு. நீ தரையைத் தட்டின, கேட்டுச்சு. எங்க போய் ஒளிய?"

 குற்றம் செய்தவளுக்குக் கோபம்தான் முதலில் வரும். முயலுக்கும் வந்தது.

"நான் என்ன செய்ய மதினி? எம்பிள்ளைக பட்டினி கிடக்கட்டும்னு சொல்றியா? கிழக்குக் கரை பூராவையும் காட்டெருமை மடக்கி வச்சிருக்கு. அதைப் போய்க் கேளேன்."

"எனக்குக் கால் இல்லை, போய்க் கேக்க முடியலை. உனக்கு நாலு கால் இருக்கு. நீ ஏன் போகலை?" என்றாள் விரால்.

முயல் போனாள். அதையும் சொல்ல வேண்டும், அவள் போனாள். ஆனால் கிழக்குக் கரையில் காட்டெருமைகள் இல்லை. தண்ணீர் விலகிப் போனதால் அங்கே புல்லெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடந்தது. அத்தனை காட்டெருமைகளும் இறங்கி வந்து புதுச் சேற்றில் முளைத்த பிஞ்சுப் புல்லில் நின்று மேய்ந்தன. முயல்களுக்குத் தருகிறேன் என்று சொன்ன புல்.

"அண்ணாச்சி, இது எங்களுக்குன்னு சொன்ன இடமாச்சே" என்றாள் முயல்.

அண்ணாச்சி வாயில் புல்லோடு நிமிர்ந்தார். "என் இடம் காஞ்சு போச்சு. என் பிள்ளைகளும் திங்கணும்ல? உனக்குத்தான் நாளைக்கு வேற வளருதே. பத்தலைன்னா இன்னும் கொஞ்சம் பறி."

"பறிச்சுக்கிட்டே போனா தண்ணி தீந்திராதா அண்ணாச்சி?"

"தீந்தா மலைக்கு அந்தப் பக்கம் பெரிய குளம் இருக்கு" என்றார் அண்ணாச்சி. அவருக்கு இருக்கிற காலுக்கு அது ஒரு நாள் நடை. முயல் குட்டிகளின் காலுக்கு அது எத்தனை நாள் என்று அவர் நினைக்கவில்லை. நினைக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

முயல் திரும்பி வந்தாள். அன்றைக்கு அவள் கத்தியிருக்க வேண்டும். மான்களைக் கூட்டிப் போய் அண்ணாச்சி முன்னால் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அறுகம்வேரைக் கொண்டுபோய் அந்த ஓட்டையில் திணித்திருக்க வேண்டும். வீட்டில் மூன்று குட்டிகள் பசிக்குக் கத்தின. கேட்டுக்கொண்டே இருக்க அவளால் முடியவில்லை. நேரே மடைவாய்க்குப் போய் இன்னும் ஒரு சாண் பறித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் ஒழுகவில்லை, ஓடியது. கரை ஒரு நாளைக்கு ஐந்து எட்டு வளர்ந்தது, பிறகு பத்து எட்டு. கொக்குக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மருதமரத்தடியில் ஒரு குட்டை மட்டும் மிச்சம். காட்டெருமை ஒன்று படுத்தால் மூடிவிடும், அவ்வளவுதான். அந்தக் குட்டைக்குள் குளத்து மீன் அத்தனையும் நெளிந்தது. கொக்கு தன் சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்து வந்தது. காலை முதல் மதியம் வரை விருந்து. முயல் கரையில் நின்று தரையைத் தட்டினாள். கால் வலிக்கத் தட்டினாள். ஓடி ஒளியத்தான் இடமில்லை. சிவப்புக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுத்தார்கள். விரால் மட்டும் சேற்றைக் குடைந்துகொண்டு உள்ளே போனாள்.

சாப்பாடு முடிந்து அலகைத் துடைத்துக்கொண்டு கொக்கு பனைமரத்தடிக்குப் போனது. இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரைக்கும் நடந்து அளந்தது.

"நம்ம கரை முழுசா வளந்தாச்சு! இனி அளக்க ஒண்ணுமில்லை. இந்தக் காட்டுலயே இவ்வளவு பெரிய கரை வேற எந்தக் குளத்துக்கும் கிடையாது" என்றது.

மான்கள் துள்ளின. உண்மையிலேயே துள்ளின, நான் கூட்டிச் சொல்லவில்லை. குளம் முழுக்க ஒரே பச்சையாக இருந்தது, ஏன் துள்ள மாட்டார்கள்? அந்தப் பச்சை ஆறு நாள் இருந்தது. ஏழாம் நாள் நுனி கருகியது. பத்தாம் நாள் சேறு பாளம் பாளமாக வெடித்தது.

காட்டெருமைகள் கிளம்பின. காட்டுப்பன்றிகள் பின்னால் போயின. மான்களும் போயின. அண்ணாச்சி முதுகில் கொக்கு உட்கார்ந்திருந்தது. போகிற வழியில் முயலைப் பார்த்து, "நீங்களும் வாங்க முயலம்மா. இங்கேயே கிடந்தா எப்படி முன்னேறுவீங்க?" என்றது.

முயல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பத்தான் செய்தாள். பாறைச் சூட்டில் பாதி மலை ஏறுவதற்குள் ஒரு குட்டி சுருண்டு விழுந்தது. மீதி இரண்டைத் திருப்பிக் கூட்டி வந்தாள். பாறை இடுக்கில் கசிகிற ஈரத்தை நக்க வைத்தாள். ஒரு மத்தியானம் காட்டுப்பூனை மருதமரத்தின் மேல் வந்தது. எச்சரிக்க வாலடிச் சத்தம் இல்லை. ஒரு குட்டிதான் மிஞ்சியது.

பிறகு ஐப்பசி வந்தது. மழை வந்தது. நல்ல மழை, குறை சொல்ல முடியாத மழை. மலையில் இருந்து தண்ணீர் இறங்கிக் குளத்துக்குள் வந்து, நேரே மடைவாய் வழியாக வெளியே ஓடியது.

முயல் மடைவாய்க்கு ஓடினாள். முள்ளம்பன்றி வந்தது. காட்டை விட்டுப் போக முடியாமல் தங்கிவிட்ட நாலைந்து முயல்களும் வந்தன. களிமண்ணைப் பறித்துப் போட்டார்கள். அறுகம்வேரைக் கடித்துப் போட்டார்கள். மேலே ஏறி மிதித்தார்கள். முயலின் கால் என்ன கனம் கனக்கும்? அவர்கள் மிதித்த மண் மாவாகக் கரைந்து தண்ணீரோடு போயிற்று. மறுபடி போட்டார்கள், மறுபடி போயிற்று. மிதித்து இறுக்க வேண்டிய கனமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு குளத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. அங்கே கொக்கு ஒரு பனைமரத்தைப் பார்த்து வைத்து, அளக்க ஆரம்பித்துவிட்டதாம்.

மழைத் தண்ணீர் சேற்றின் வெடிப்புகளுக்குள் இறங்கியது. இத்தனை நாளும் அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த விரால் விழித்தாள். எலும்பும் தோலுமாக மேலே வந்தாள். முதுகு நனைகிற அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"மதினி, மழை வந்திருச்சு. மடை மிதிச்சாச்சா?" என்று கேட்டாள்.

முயல் நெஞ்சு வரை சேற்றில் நின்றாள். இருந்த ஒரே குட்டியும் பக்கத்தில் நின்று மிதித்துக்கொண்டிருந்தது. அவள் பின்னங்காலால் தரையைத் தட்டினாள். உள்ளே போ, ஆழத்துக்குப் போ என்பதற்கு அந்த ஒரு சொல்தான் அவர்களுக்குள் இருந்தது. விரால் அதைக் கேட்டுத் திரும்பினாள். போவதற்கு ஆழம் எங்கேயும் இல்லை. சாயங்காலத்துக்குள் மழை விட்டது. விடிவதற்குள் தண்ணீரும் வடிந்துவிட்டது.

இருப்பதைப் பங்கு வைக்கச் சொல்லிக் கேட்கும்போது, "இன்னும் வளரும், பொறு" என்று ஒருவன் சொன்னால், அந்த வளர்ச்சி யாருடைய தண்ணீரில் இருந்து வருகிறது என்று கேட்காமல் மண்ணைப் பறிக்கிற கை, கடைசியில் தன் குளத்தையே உடைத்துவிடும்.